எட்டுக் குவியல், நாலு தார்பாய்

தார்பாய் கணக்கு போட்டது நான்தான். மொதல்ல அதச் சொல்லிடறேன். அப்புறம் யார் யார் மேல கோவப்படணுமோ படறேன். வரிசையில நெறைய பேரு இருக்காங்க, என்னையும் சேத்து.

எனக்கு வேலை தவளக்குப்பத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல. ஒம்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு டீச்சர். அறிவியல் டீச்சர் வேலைய வுட்டுட்டுப் போனதுலேர்ந்து அந்தப் பாடமும் என் தலையிலதான். வூடு பாகூர் பக்கம் ஒரு கிராமம். சுத்தி நெல்லு, கொஞ்சம் கரும்பு. ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடறவளுக்கு வயல் எங்க? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து வரப்புல கால் வெச்சத வெரல் வுட்டு எண்ணிடலாம். எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். வில்லியனூர்கிட்ட ஒரு கம்பெனியில ஷிப்டு வேலை. நெலம் அவரு பேர்ல இருக்குது. அதுல பாடுபடறது அவரு தங்கச்சி.

என் நாத்தனாரு, கட்டிக் குடுத்த எடத்துல அடி தாங்க முடியாம ஒரே ஒரு பையோட திரும்பி வந்தவ. வந்த மூணாம் நாளே மம்முட்டிய தோள்ல போட்டுக்கினு வயலுக்குப் போயிட்டா. அழுதுகினு ஒக்காருவான்னு தெருவே எதிர்பாத்துச்சு. அவளுக்கு அழ நேரமில்ல. அண்ணன்கிட்ட நேரா கேட்டா: "நெலத்த சும்மாதானே போட்டு வெச்சிருக்கீங்க, நான் பயிர் வெக்கிறேன்." இவரு பிச்ச போடற மாதிரி சொன்னாரு: "சரி, இந்த ஒரு போகம் பாப்போம். ஒழுங்கா வரலன்னா யாருக்காவது குத்தகைக்கு வுட்டுடுவேன். அப்புறம் நீ எதனா துணிக்கடையில வேலைக்குப் போயிடு."

ஒரே ஒரு போகம். இதே ஊர்ல மூணு போகம் வரிசையா நட்டம் பண்ண ஆம்பளைங்கள யாரும் துணிக்கடைக்குப் போவச் சொன்னதில்ல. அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சிது. ஆனா வாயத் தொறக்கல. வாயத் தொறக்காம இருக்கறதுல எனக்கு அப்பவே நல்ல பழக்கம்.

நாலு மாசம். நாத்து வுட்டா, நடவுக்கு ஆள் புடிச்சா, ஆள் கெடைக்காத அன்னிக்கு அவளே குனிஞ்சி நட்டா. கரண்டு வர்ற நேரத்துக்கு மோட்டார் போட ஓடுவா. முழங்கால் வரைக்கும் சேறு, கன்னமெல்லாம் வெயில் பட்டுக் கருத்துப்போச்சு. கதிர் முத்தி தலை சாஞ்சப்போ வயல் பக்கம் போறவன் வர்றவன்லாம் வண்டிய நிறுத்திப் பாத்தான். எங்க வூட்டுக்காரரு கூட ஒரு நாள் போயி பாத்துட்டு வந்து, "பரவால்லயே" ன்னாரு. அவரு வாயிலேர்ந்து அது வந்தா பெரிய விசயம். அன்னிக்கு அவ ரெண்டு தட்டு சோறு தின்னா.

அறுப்பு மிஷின் வந்துச்சு. சேத்துல ஓடற செயின் வண்டி. எங்க களத்த சேந்தவங்க எட்டு வூடு. மிஷின்காரன்கிட்ட ஆம்பளைங்கல்லாம் முன்னாடியே பேசி வரிசைய புடிச்சிக்கினாங்க. இவ போயி நின்னா, "ஒன்னோடது கடைசியா போட்டுக்கலாம்மா" ன்னுட்டான். கடைசின்னா எப்படிக் கடைசி? தூறல் ஆரம்பிச்சப்புறம். ஏழு வூட்டு நெல்லு ஓரளவுக்கு காஞ்சி வந்துச்சு. இவளோடது மட்டும் கொஞ்சம் கூடுதலா ஈரம். இத ஞாபகம் வெச்சிக்கோங்க, அப்புறமா இதுதான் இவ தலையில வந்து விழப்போவுது.

எங்க ஊர்ல ஒரு பழக்கம். களத்துல அவனவன் நெல்ல அவனவன் தனித்தனியா குவிப்பான். குவிச்சி முடிச்சதும் குவியல் மேல சாம்பலால கோடு போட்டு குறி வெப்பாங்க. யாராவது ராத்திரில ஒரு கூடை அள்ளினா கோடு கலஞ்சிடும், காலையில தெரிஞ்சிடும். அப்படி ஒரு நம்பிக்கை, எட்டு வூட்டுக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு! பொங்கலுக்கு ஒண்ணா மாடு ஓட்டுவாங்க, சாவுக்கு ஒண்ணா தோள் குடுப்பாங்க. நெல்லுன்னு வந்துட்டா சாம்பல்தான்.

அன்னிக்கு நான் பஸ் எறங்கி வர்றேன், களத்துல ஒரே கூச்சல். வானம் கருக்கல் கட்டிக்கினு நிக்குது. போன்ல எல்லாருக்கும் மழை மழைன்னு காட்டுது. எட்டுக் குவியலுக்கு எட்டு தார்பாய் வேணும். போன வருசத்து தார்பாயெல்லாம் எலி கடிச்சி ஓட்டை. தவளக்குப்பம் முக்குல தார்பாய், கயிறு, சாக்கு விக்கிற பாயோட கடைக்கு ஆளனுப்பினா, அவருகிட்ட மிச்சம் நாலுதான் இருக்குதுன்னு வாங்கிக்கினு வந்துட்டாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் அன்னிக்கே வாங்கிட்டுப் போயிடுச்சாம். நாலு தார்பாய யாருக்குக் குடுக்கறது? எதுர்வூட்டுக்காரரு, எங்க தெருவுலயே பெரிய தொண்டை, "மொதல்ல அறுத்தவனுக்கு மொதல்ல" ன்னு கத்தறாரு. அவருதான் மொதல்ல அறுத்தவரு. இவ ஒரு ஓரமா நின்னுகினு வானத்தயே பாத்துகினு இருந்தா. கடைசியா அறுத்தவளுக்கு ஏது தார்பாய்?

எனக்கு அங்கதான் புத்தி வேலை செஞ்சுது. என் புத்தியில கொள்ளி வெக்க.

"இருங்க இருங்க" ன்னு கைப்பையக் கீழ வெச்சேன். "எட்டு குவியலையும் ஒண்ணா சேத்துடுங்க. நாலு தார்பாய் போதும்."

ஒருத்தரும் நம்பல. கிட்ட இருந்த பெட்டிக்கடையில எட்டு தீப்பெட்டி வாங்கிக்கினு வரச் சொன்னேன். களத்துச் சுவத்து மேல எட்டையும் தனித்தனியா வெச்சேன். "ஒரு பெட்டிக்கு ஆறு பக்கம். எட்டுக்கு நாப்பத்தெட்டு. சரியா?" அப்புறம் ரெண்டு ரெண்டா அடுக்கி, மேல ரெண்டு ரெண்டா ஏத்தி ஒரே பெட்டியா ஆக்கினேன். "இப்ப வெளியில எத்தனை பக்கம் தெரியுது, எண்ணுங்க." எண்ணினாங்க. இருபத்திநாலு. "பாதி! நீளம் அகலம் ஒசரம் எல்லாம் ரெண்டு மடங்கு ஆனா, உள்ள இருக்கற சரக்கு எட்டு மடங்கு. ஆனா மேல்பரப்பு நாலு மடங்குதான். எட்டு தார்பாய் வேணாம், நாலு போதும்."

அப்பா, எவ்ளோ மரியாதை! "டீச்சர்னா டீச்சர்தான்" ன்னு ஒருத்தரு. "பசங்க இவங்ககிட்டதான் படிக்கணும்" ன்னு இன்னொருத்தரு. எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்த பார்வையில அப்படி ஒரு பெருமை. பத்து வருசமா அந்தப் பாடத்த பரீட்சைக்காக மட்டுமே நடத்தினவ நான். ஒரே ஒரு நாள் அது ஊருக்கு ஒதவுதுன்னதும் எனக்கு தலை கால் புரியல.

என் நாத்தனாரு மட்டும் கிட்ட வந்து, "அண்ணி, ஈர நெல்லு. இவ்ளோ ஒசரமா குவிச்சி மூடினா வெந்துடும்" ன்னா.

"ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆவாது."

"எனக்கு வேணாம் அண்ணி. என்னோடத நான் தனியா பரப்பிக்கிறேன்."

"எங்க பரப்புவ, மழையிலயா? எல்லாருக்கும் எதுர்ல அடம் புடிக்காத" ன்னு பல்ல கடிச்சிகினு சொன்னேன். எல்லாருக்கும் எதுர்லன்னு சொன்னேனே, அதுல என் கணக்குக்கு வந்த மரியாதைதான் இருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. அவ தன் நெல்லுல ரெண்டு மூட்டைய மட்டும் தனியா எடுத்து தலையில தூக்கிகினு வூட்டுக்குப் போயிட்டா. விதைக்காம். போனாப் போவட்டும்னு வுட்டுட்டேன்.

வூட்டுக்கு எத்தன மூட்டைன்னு சுவத்துல சாக்பீஸால எழுதினேன். எட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எட்டுக் குவியலும் ஒரே குவியலாச்சு. ஆளு ஒசரத்துக்கு மேல. சுத்தி சாம்பல் கோடு போட்டாங்க, அதுக்கு மேல தார்பாய இழுத்துக் கட்டினாங்க. எதுர்வூட்டுக்காரரு சட்டம் போட்டாரு: "எட்டு வூடும் நிக்காம யாரும் தார்பாயத் தூக்கக் கூடாது." எல்லாரும் தலையாட்டினாங்க. கலந்த நெல்லாச்சே, யாரு எவ்ளோ அள்ளுவான்னு பயம். தனியா இருந்திருந்தா அவனவன் காலையில எழுந்து தன் குவியல்ல கைய வுட்டுப் பாப்பான். இப்ப எட்டு பேரு சேந்தாதான் பாக்க முடியும். இந்த யோசனைய எங்க ஊருக்காரங்களத் தவிர வேற எவனும் யோசிச்சிருக்க மாட்டான்.

மறுநாள் விடிகாலையில மழை விட்டு விட்டுப் பெய்யுது. நான் பல் தேய்ச்சிகினு இருக்கேன், களத்துலேர்ந்து எதுர்வூட்டுக்காரரோட தொண்டை. ஓடிப் போயி பாத்தா, என் நாத்தனாரு குவியல் ஓரமா நிக்கிறா. தார்பாய் ஓரம் தூக்கியிருக்கு. சாம்பல் கோடு கலஞ்சிருக்கு.

"திருடி! அண்ணன் வூட்டு சோறு பத்தலயா ஒனக்கு?" ன்னு அந்த ஆளு கத்தறாரு.

அவ கத்தல. என்னைத்தான் பாத்தா. "அண்ணி, கைய வுட்டுப் பாத்தேன். தோள் வரைக்கும் வுட்டேன். உள்ள சூடா இருக்குது. சொன்னேனே, வெந்துடும்னு. இப்பவே பிரிச்சிப் போட்டா கூட தப்பிக்கும். நீ வந்து கைய வுட்டுப் பாரு."

கைய நீட்டினா போதும். ஒரு நிமிசம்.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஏழு வூட்டு ஆம்பளைங்க நிக்கறாங்க. என் கணக்கு தப்பா சரியான்னு பாக்கறாங்க. நான் சிரிச்சேன். "மூடி வெச்சா சூடாத்தான் இருக்கும். போர்வைக்குள்ள படுத்தா சூடா இருக்காதா? அதுக்காகவா கோட்ட கலச்ச?" ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சாம்பல் கோட்ட திரும்பப் போட்டாங்க. அவ தலைய குனிஞ்சிகினு வூட்டுக்குப் போனா. எனக்கு ஏழரை பஸ் இருந்துச்சு, நான் போயிட்டேன்.

அன்னிக்கு பள்ளிக்கூடத்துல ரெண்டாவது பிரியட் அறிவியல். உயிருள்ளது எல்லாம் மூச்சு விடும், மூச்சு விடறது எல்லாம் சூட்ட உண்டாக்கும்னு நானே நடத்துறேன். ஈர நெல்லும் உயிருள்ளதுதானே? கோழிக்குஞ்சு சின்ன ஒடம்பு, ஒடம்புக்கு மேல்பரப்பு அதிகம், அதனால சூடு சீக்கிரம் போயிடும், அதுக்குத்தான் பண்ணையில பல்பு போடறாங்கன்னு போர்டுல படம் போட்டு எழுதறேன். பெருசா இருந்தா சூடு வெளிய போவ வழி கம்மின்னு கூட சொல்றேன். என் வாயாலயே சொல்றேன்! சூடு உண்டாவறது எட்டு மடங்கு, வெளிய போறதுக்கு வழி நாலு மடங்கு. எந்தக் கணக்கு தார்பாய பாதியாக்கிச்சோ, அதே கணக்குதான் நெல்ல வேக வெச்சிது. கணக்கு தீப்பெட்டி மேல ஒக்காந்திருந்துச்சு, அறிவியல் போர்டு மேல இருந்துச்சு, ரெண்டும் என் மண்டையில சந்திக்கவே இல்ல. நடத்தறவ ஒருத்திதான். தண்டத்துக்கு ஒரு டிகிரி.

ரெண்டு நாள் மழை. மூணாம் நாள் வெயில் வந்துச்சு. பிரிக்கலாம்னா, எட்டுல ஒரு வூட்டுக்காரங்க கடலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. எட்டு வூடும் நிக்கணுமே! ஒரு நாள் முழுக்க பளபளன்னு வெயில் அடிக்குது, நெல்லு உள்ள மூடிக் கெடக்குது, எல்லாரும் களத்தச் சுத்தி ஒக்காந்து பீடி குடிச்சிகினு கல்யாணக்காரங்களுக்கு போன் போட்டுகினு இருந்தாங்க. என் நாத்தனாரு ரெண்டு தடவ போயி கெஞ்சினா. "கோட்ட கலச்சவ பேசாத" ன்னுட்டாங்க.

நாலாம் நாள் காலையில வியாபாரி லாரியோட வந்தான். எட்டு வூடும் வந்துச்சு. தார்பாயத் தூக்கினாங்க.

ஆவி. அடுப்புலேர்ந்து எறக்கின சோத்துக்குண்டான் மூடியத் தொறந்த மாதிரி ஆவி வந்துச்சு. கூடவே ஒரு புளிச்ச வாசனை. மேல ஒரு சாண் நெல்லு நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள போவப் போவ மஞ்சள், அப்புறம் பழுப்பு, நடுவுல கட்டி கட்டியா ஒட்டிகினு வெள்ளையா மொளை விட்டுக் கெடக்குது. வியாபாரி ஒரு பிடி அள்ளினான், மோந்து பாத்தான், கையத் தட்டிட்டு, "கோழித் தீவனத்துக்கு வேணும்னா ஏத்திக்கிறேன்" ன்னான். எட்டு வூட்டு நாலு மாசம். அவ நாலு மாசம்.

அவ குவியல் பக்கத்துல ஒக்காந்து ஒரு கட்டிய எடுத்து கையால ஒடச்சிகினே இருந்தா. ஒடச்சி ஒடச்சி தனித்தனி நெல்லா ஆக்கிட முடியும்ங்கற மாதிரி.

அப்ப வந்துச்சு எதுர்வூட்டுக்காரரோட தீர்ப்பு. "கடைசியா அறுத்த ஈர நெல்லக் கொண்டாந்து கலந்தது யாரு? அவ ஒருத்தி ஈரம்தான் எங்க எல்லாருதயும் கெடுத்துச்சு!" எல்லாருக்கும் அது பொருத்தமா பட்டுச்சு. வாழாம வந்தவ, கோட்ட கலச்சவ, ஈர நெல்லுக்காரி. பழி போட இவ்ளோ வசதியான ஆளு வேற யாரு கெடைப்பாங்க? எங்க வூட்டுக்காரரு தல கவுந்து நின்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். தீப்பெட்டிய அடுக்கினது நானு, அந்த மூளை என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. எட்டு வூட்டுப் புள்ளைங்களும் என்கிட்டதான் டியூசன் படிக்குது. டீச்சர் தப்பு கணக்கு போட்டான்னு ஆயிடுமேன்னு பாத்தேன்.

நாலு நாள் அப்படியே இருந்தேன். அவ எனக்கு காப்பி போட்டுக் குடுத்தா, நான் குடிச்சேன்.

அஞ்சாம் நாள் தார்பாய்ல ஒண்ணு நல்லா இருக்குதுன்னு திருப்பிக் குடுக்க பாய் கடைக்குப் போனேன். அவரு அத மடிச்சி வெச்சிகினே, "டீச்சர், ஒங்க நாத்தனாரு நெல்லு எப்படி இருக்குது?" ன்னாரு.

"போச்சு பாய்."

"அடடா. அந்தப் பொண்ணு மழையில நனஞ்சிகினே ஓடியாந்துச்சே அன்னிக்கு. தனியா ஒரு தார்பாய் வேணும், சேத்துக் குவிச்சா வெந்துடும்னு. என்கிட்ட கிழிஞ்சது ஒண்ணு இருந்துச்சு, காசு வேணாம் எடுத்துக்கம்மான்னு குடுத்தேன். அது எங்க பத்தும்? யாராவது அது பேச்ச கேட்டிருக்கலாம்."

யாராவது. எதுத்தாப்புல நின்னுகினு இருக்கறவகிட்ட அந்த மனுசன் யாராவதுன்னாரு. தெரியாமத்தான் சொன்னாரு. எனக்கு அப்படியே ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. பஸ்ல வந்தது தெரியல. வூட்டுக்குள்ள நொழஞ்சதும் கைப்பைய ஒரு மூலையில வீசினேன். எங்க வூட்டுக்காரரு டிவி பாத்துகினு இருந்தாரு. அத நிறுத்தினேன்.

"நெல்லு போனது ஒங்க தங்கச்சியால இல்ல. என்னால. ஒண்ணா குவிக்கச் சொன்னது நானு. வேணாம்னு மொத நாளே சொன்னவ அவ. சூடா இருக்குதுன்னு மறுநாளே சொன்னவ அவ. சிரிச்சவ நானு. தெரியுமா ஒங்களுக்கு?"

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் மெதுவா, "இத நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம். நேத்துதான் நெலத்த எதுர்வூட்டுக்காரருக்கு குத்தகைக்கு விடறதா வாக்கு குடுத்துட்டு வந்தேன்" ன்னாரு.

எதுர்வூட்டுக்காரருக்கு! திருடின்னவனுக்கு!

அவ சமையக்கட்டு வாசல்ல நின்னுகினு இருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டா. என்கிட்ட வந்து நின்னா. "நாலு நாளா ஒனக்கு சோறு எறங்கிச்சா அண்ணி?" ன்னா. "எனக்கு எறங்கல." அவ்ளோதான் சொன்னா. என்னைத் திட்டியிருந்தா, ஒரு அறை வுட்டிருந்தா கூட தாங்கியிருப்பேன். எறங்கிச்சே! நாலு நாளும் நான் நல்லா தின்னேனே! பாவி.

மறுநாள் லீவு போட்டேன். ஒவ்வொரு வூடா போயி வாசல்ல நின்னு சொன்னேன், தப்பு என்னுதுன்னு. நடந்தது இன்னா தெரியுமா? "வுடுங்க டீச்சர், நீங்க இன்னா வேணும்னா பண்ணீங்க? தெரியாம நடந்துச்சு" ன்னு எனக்கு மோர் குடுக்கறாங்க. ஒரு வூட்டுல நாற்காலி போட்டு ஒக்கார வெச்சாங்க. எனக்கு கோவம் தலைக்கு ஏறிச்சு. அவ கைய வுட்டுப் பாத்ததுக்கு திருடி. நான் எட்டு வூட்ட கெடுத்ததுக்கு மோரு! "அவள அவ்ளோ பேசினீங்களே, வந்து ஒரு வார்த்த கேளுங்க" ன்னேன். "பாக்கலாம் டீச்சர்" ன்னாங்க. ஒருத்தரும் வரல.

வந்தாங்க. ஆனா வேற காரியமா வந்தாங்க.

அடுத்த போகத்துக்கு விதை வேணுமே. எப்பவும் அவங்கவங்க குவியல்லேர்ந்துதான் விதைக்கு எடுத்து வெப்பாங்க. இந்தத் தடவ எல்லாம் அந்த பெரிய குவியல்லயே போயிடுச்சு. விதை டிப்போல அந்த ரகம் தீந்துபோச்சு. ஊர்லயே நல்ல விதை இருந்தது ஒரே எடத்துலதான். அவ தலையில தூக்கிகினு வந்த அந்த ரெண்டு மூட்டை. தன் ரூம்ல கட்டில நிமித்தி சுவத்தோரம் சாத்திட்டு, தரை முழுக்க, அவ படுக்கற எடத்துல கூட, ஒரு வெரல்கட தடிமனுக்கு பரப்பி, பேன் போட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவ காலால கிளறி விட்டு காய வெச்சிருந்தா. மழை நாள்ல அவ எங்க படுத்தான்னு நான் கேக்கவே இல்ல. கிழிஞ்ச தார்பாய ஜன்னலுக்குக் கட்டியிருந்தா.

ஒவ்வொருத்தரா வந்தாங்க. அவ மரக்கா போட்டு அளந்து குடுத்தா. மாத்தா இன்னா குடுப்பீங்கன்னு அவ கேக்கல, பழசு பேசல. எனக்குத்தான் ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் புடிச்சி அந்த நெல்லுல அமுக்கணும்னு இருந்துச்சு.

கடைசியா எதுர்வூட்டுக்காரரு வந்தாரு. வெத்தல போட்டுகினு, தொண்டைய கொஞ்சம் கம்மி பண்ணிகினு. எங்க வூட்டுக்காரரும் அவ ரூம் வாசப்படியில ஒக்காந்திருந்தாரு. "அந்த வயலுக்குத்தாம்மா, ஒரு கால் மூட்டை விதை வேணும்" ன்னாரு அந்த ஆளு.

அந்த வயல். அவ நட்ட வயல். அதுக்கு அவகிட்டயே விதை!

நான் வாயத் தொறந்தேன். அவ கைய நீட்டி என்னை நிறுத்தினா. மரக்காவ கீழ வெச்சா. குரல ஒசத்தல.

"விதை என்னுது. அந்த நெலத்துல எந்த மடையில தண்ணி நிக்கும், எங்க வழியும்னு தெரிஞ்சது எனக்கு. நீ கூலிக்கு ஆளுதான் வெக்கப்போற, அந்த ஆளும் நானாத்தான் இருப்பேன், வேற யாரு வருவா? நெலம் எங்க அண்ணனுது. அப்போ இதுல ஒன்னுது இன்னா?"

அந்த ஆளு எங்க வூட்டுக்காரரப் பாத்தாரு. எங்க வூட்டுக்காரரு தரையப் பாத்தாரு. தரையில அவ நெல்லு.

"கேக்கறா இல்ல? பதில் சொல்லுங்க" ன்னேன் நானு. அந்த ஆளுகிட்ட இல்ல, என் புருசன்கிட்ட. "அவளுக்கு ஒரு போகம் குடுத்தீங்க. அத கெடுத்தது நானு. அப்போ அது அவ போகம் இல்ல, என்னுது. அவ போகம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கணக்கு சரியா?"

எங்க வூட்டுக்காரரு எழுந்து, "வாக்க திரும்ப எடுத்துக்கறேன். தப்பா நெனைக்காதீங்க" ன்னாரு. எதுர்வூட்டுக்காரரு தப்பாத்தான் நெனைச்சாரு, வாசல்ல எச்சிய துப்பிட்டுப் போனாரு. போவட்டும். இன்னிய வரைக்கும் எங்க வூட்டப் பாத்து பேசறதில்ல. நிம்மதியா இருக்குது.

நாத்து விட்டு பதினோரு நாள் ஆவுது. நேத்து சாயங்காலம் பஸ் எறங்கினதும் வூட்டுக்குப் போவாம வயலுக்குப் போனேன். செருப்ப கழட்டி வரப்புல வெச்சிட்டு நின்னேன். அவ சேத்துல நின்னுகினு இருந்தா. அடுத்த அறுப்புக்கு முன்னாடியே எட்டு தார்பாய் வாங்கி வூட்டுல போட்டுடறேன், அவங்கவங்க தனித்தனியா குவிச்சிக்கட்டும்னு சொன்னேன். மன்னிச்சிடுன்னு சொல்லத்தான் போனேன், தார்பாய்தான் வாயில வந்துச்சு.

அவ நிமிந்து பாத்தா. மூஞ்சியில இன்னும் கோவம் இருந்துச்சு. இருக்கணும்.

"தார்பாய நான் பாத்துக்கறேன் அண்ணி" ன்னா. "நீ அன்னிக்கு கணக்கு போட வராத. கைய வுட்டுப் பாக்க வா."